பழைய மாட்டுக் கொட்டிலும் பண்ணை வீடும்: முகம் மாறாமல் புதுப்பித்துப் பெரிதாக்குவது எப்படி

காவிரி டெல்டாப் பக்கம் ஊருக்கு ஒன்றிரண்டு பழைய பண்ணைக் கட்டடங்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. களத்தைப் பார்த்த திண்ணை வீடு, பக்கத்தில் நீளமான மாட்டுக் கொட்டில், உள்ளே ஒரு அறையை முழுசாக அடைத்துக்கொண்டு நிற்கும், நெல் கொட்டி வைக்கிற பத்தாயம். மாடு போய் டிராக்டர் வந்தாச்சு, அறுவடை மிஷின் வயலிலேயே நெல்லைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது, அதனால் இவற்றுக்கு வேலை இல்லை. குடும்பத்தில் யாராவது ஒருவர் "இதை ஏதாவது பண்ணலாமே" என்று ஆரம்பிப்பார். பிறகு பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: இடித்துவிட்டு கான்கிரீட் வீடு, இல்லையென்றால் காரைக்குடியில் தூணும் கதவும் வாங்கி வந்து, ஆத்தங்குடி கல் பதித்து, கொட்டிலுக்குச் செட்டிநாட்டு வேஷம் போடுவது. இரண்டாவதுதான் மோசம் என்பேன், அதில் காசும் போகிறது, கட்டடமும் போகிறது.

பண்ணைக் கட்டடத்தின் களை அலங்காரத்தில் இல்லை. உயரமாக எழும்பி வெகு தாழ்வாக இறங்கி வரும் ஓட்டுக் கூரை, தலை குனிந்து நுழைய வைக்கும் இறவாணம் (கூரையின் கீழ் விளிம்பு), தடுப்பே இல்லாத நீளமான உள்வெளி, சன்னல் குறைவான சுண்ணாம்புச் சுவர், இவ்வளவுதான். இவற்றைத் தொடாமல் வைத்துக்கொண்டால் மற்றதை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

முதல் வேலை: மழையில் நின்று பார்ப்பது

முடிந்தால் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைக் கட்டடத்தோடு கழித்துவிட்டு அப்புறம் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். எங்கே ஒழுகுகிறது, தண்ணீர் எந்தச் சுவரோரம் தேங்குகிறது, ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று சுவரிலேயே சாக்பீஸால் குறியுங்கள், போனில் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். விரிசல் இருந்தால் அதன் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். டெல்டாவின் களிமண் கோடையில் சுருங்கும், மழையில் உப்பும், அதோடு சேர்ந்து விரிசலும் திறந்து மூடும். ஒரே நாளில் வந்து பார்த்துவிட்டு "அஸ்திவாரம் போச்சு சார், இடிச்சிடுங்க" என்று சொல்பவரை நம்பாமல் இருக்க இந்தக் கண்ணாடித் துண்டு உதவும். கோடை முடிந்தும் அது உடையவில்லையென்றால் விரிசல் பழையது, அடைத்துவிட்டுப் போகலாம். உடைந்துகொண்டே இருந்தால் மட்டும் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள், பழைய சுண்ணாம்புக் கட்டடம் பார்த்த அனுபவம் உள்ளவராக.

பழைய சுவரைக் கெடுப்பது பெரும்பாலும் வயசு இல்லை, வெளியே தரை உயர்ந்துபோனதுதான். ரோடு போடப் போட உயர்கிறது, வாசலில் மண் அடிக்கிறோம், கடைசியில் கட்டடம் பள்ளத்தில் இறங்கிவிடுகிறது. அதனால் சிமெண்ட் மூட்டை இறக்கும் முன்னால் மண்வெட்டியை எடுங்கள். சுவரைச் சுற்றி ஏறிய மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீர் சுவரை விட்டு வெளியே ஓடும்படி சரிவு கொடுங்கள். சுவரை ஒட்டி சிமெண்ட் தளம் போடாதீர்கள், கீழே அடைபட்ட ஈரம் வெளியே போக வழியில்லாமல் சுவர் வழியாக மேலே ஏறும். இரண்டடி அகலத்துக்கு ஜல்லி பரப்பி விட்டாலே போதும்.

சுவர்

செங்கல்லோ மண்ணோ, பழைய சுவருக்கு சிமெண்ட் பூச்சு எதிரி. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விடும். மேலே சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, செங்கல் பொரிந்து, பூச்சு பாளம் பாளமாக விழும். ஏற்கெனவே யாராவது பூசி வைத்திருந்தால் கை உளியால் மெதுவாகக் கொத்தி எடுங்கள், மிஷின் வைத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும்.

சுண்ணாம்பைப் பொறுத்தவரை, வெள்ளையடிக்க விற்கிற பாக்கெட் பொடி சரிப்படாது, காற்றில் பட்டுப் பாதி செத்துப்போனதாக இருக்கும். காளவாயில் சுட்ட சுண்ணாம்புக் கல்லோ கிளிஞ்சலோ வாங்கித் தொட்டியில் நீற்றுங்கள். தண்ணீரில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். சலித்து, தண்ணீர் மூடிய நிலையில் குறைந்தது இரண்டு வாரம் ஊற விடுங்கள், நாள் ஆக ஆக நல்லது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். ஓதம் அடிக்கிற கீழ்ப்பகுதிக்கு மணலில் ஒரு பங்கைக் குறைத்து சுட்ட செங்கல்லின் தூள் சேருங்கள், அது ஈரத்திலும் இறுகும். கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு சில நாள் ஊறப் போட்டுப் புளித்த தண்ணீரைக் குழைக்கப் பயன்படுத்துவது பழைய முறை, தெரிந்த கொத்தனார் கிடைத்தால் செய்யுங்கள், கிடைக்காவிட்டால் அதற்காக வேலையை நிறுத்த வேண்டாம். அரை அங்குலத்துக்கு மேல் ஒரே பூச்சில் ஏற்றக்கூடாது, இரண்டு மூன்று பூச்சாகப் போட்டு, வெயில் படாமல் சாக்கு கட்டி, ஒரு வாரத்துக்கு மேல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அவசரப்படுத்த முடியாது. மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், எமல்ஷன் பெயிண்ட் வேண்டாம்.

மாட்டுக் கொட்டிலுக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பல வருஷ மாட்டு மூத்திரம் தரையிலும் சுவரின் அடியிலும் உப்பாக ஊறியிருக்கும். இந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துக்கொள்வதால், நீங்கள் எவ்வளவு நல்ல டைல்ஸ் போட்டாலும் சுவரோரம் வேர்க்கும், பெயிண்ட் உரியும். ஒரு அடி ஆழத்துக்குத் தரை மண்ணை வெட்டி வெளியே கொட்டிவிட்டுப் புது மணலும் ஜல்லியும் நிரப்புங்கள். சுவரின் கீழ் நான்கடிக்கு முதலில் ஒரு மலிவான சுண்ணாம்புப் பூச்சு பூசி ஒரு வருஷம் விட்டால் உப்பு அதில் வந்து பூக்கும், அதைக் கொத்திப் போட்டுவிட்டு நிரந்தரப் பூச்சு பூசலாம். ஒரு வருஷமா என்று கேட்பீர்கள். ஆமாம், ஒரு வருஷம்.

கூரை

செலவில் பெரும்பங்கு இங்கேதான் போகும், போகவும் வேண்டும். பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு விட்டத்துக்கும் கைமரத்துக்கும் பெயிண்டில் நம்பர் போட்டு, அதே நம்பரோடு ஒரு படம் வரைந்து வையுங்கள்.

கைமரம் பனங்கை, அதாவது பனை மரம் என்றால் பயப்படாதீர்கள். வைரம் பாய்ந்த பனை, ஈரம் படாமல் இருந்தால் தலைமுறை தாண்டி நிற்கும். கெட்டுப்போவது பெரும்பாலும் சுவருக்குள் புதைந்த முனைதான். சுத்தியலால் தட்டினால் சத்தமே சொல்லிவிடும், சந்தேகமான இடத்தில் மெல்லிய உளியைக் குத்திப் பாருங்கள். முனை மட்டும் போயிருந்தால் அந்த அளவுக்கு அறுத்து, அதே மரத்தில் துண்டு சேர்த்து, சாய்வாக வெட்டிப் பொருத்தி போல்ட் போடச் சொல்லுங்கள், முழு மரத்தையும் மாற்றச் சொல்கிற ஆசாரி மர வியாபாரமும் சேர்த்துச் செய்பவரா என்று விசாரிப்பது நல்லது. திரும்பச் சுவரில் வைக்கும்போது முனையைச் சுற்றிக் கொஞ்சம் காற்று போக இடம் விடுங்கள், சிமெண்ட் போட்டு அடைத்தால் மறுபடி அதே கதைதான். கரையானுக்கு, முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் பூசுவது இன்றைக்கும் நல்ல வழி.

சீமை ஓடு போட்ட கூரையாக இருந்தால் ஓட்டின் அடியில் என்ன முத்திரை என்று பாருங்கள். 1865இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கிய பிறகு அந்த மேற்குக் கரையெங்கும் ஆலைகள் பெருகின, கம்பெனிக்குக் கம்பெனி நீளமும் வரிப்பள்ளமும் கொஞ்சம் மாறும். இரண்டு முத்திரையை ஒரே சரிவில் கலந்தால் ஒன்றோடொன்று கவ்வாது, ஒழுகும். அதனால் இறக்கிய ஓட்டைக் கழுவி, தட்டிப் பார்த்து, கணீர் என்பதை மட்டும் தனியாக எடுத்து, எல்லாவற்றையும் களத்தைப் பார்த்த முன் சரிவில் போட்டுவிடுங்கள். புதிய ஓடு பின் சரிவுக்கு. ஓடு உட்காரும் ரீப்பர் சட்டத்தை டேப் வைத்து அடிக்காமல், போடப்போகிற ஓட்டையே வைத்துப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். நாட்டு ஓடாக இருந்தால், குரங்கும் தேங்காயும் இருக்கிற ஊரில் வருஷம் ஒருமுறை பிரித்து அடுக்க ஆள் வேண்டும், இதைத் தெரிந்தே முடிவு செய்யுங்கள்.

உள்ளே இருட்டு என்பதற்காகச் சுவரை உடைத்து பெரிய சன்னல் வைப்பார்கள். வேண்டாம். ஓட்டோடு ஓடாகக் கண்ணாடி ஓடு போடுங்கள், பின் சரிவில் அங்கங்கே ஒன்று போதும். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் மாறியிருக்காது.

உள்ளே

கொட்டிலை அறை அறையாகத் தடுத்துக் கூரை வரை சுவர் எழுப்பினால் அது வரிசை வீடாகிவிடும். தடுப்பு வேண்டுமென்றால் ஏழடியோடு நிறுத்துங்கள், பலகையாக இருந்தால் இன்னும் நல்லது, நாளைக்குக் கழற்றலாம். மேலே விட்டமும் கைமரமும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தெரிய வேண்டும். மாட்டுக்குத் தீனி போடும் காடியையும் கட்டுத்தறிக் கல்லையும் பிடுங்காதீர்கள், காடியின் மேல் பலகை போட்டால் உட்காரலாம். பத்தாயத்தை வெளியே எடுக்கப் பார்த்தால் பல வீடுகளில் வாசலில் நுழையாது, இருக்கிற இடத்திலேயே படுக்கை சாமான் வைக்கிற அறையாக்கிக்கொள்ளுங்கள். வயரிங்குக்குச் சுவரில் பள்ளம் வெட்டாமல் வெளியிலேயே பைப் ஓட்டுங்கள், விட்டத்தின் ஓரமாகப் போனால் கண்ணுக்கு உறுத்தாது.

பெரிதாக்குவது

குளியலறை, கழிப்பறை, சமையலறை, தண்ணீர்த் தொட்டி, ஏசி: தண்ணீரும் பாரமும் உள்ள எதையும் பழைய கட்டடத்தில் வைக்காதீர்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு டன், அதைப் பழைய சுவர் மேல் ஏற்றுவது விளையாட்டு இல்லை. இவற்றுக்கெல்லாம் கொல்லைப் பக்கம் தனியாக ஒரு கட்டடம் கட்டி, நான்கடி அகலத்தில் கூரை போட்ட நடையால் இரண்டையும் இணைத்துவிடுங்கள். பார்க்க மட்டும் இல்லை, புதுச் சுவரைப் பழைய சுவரோடு ஒட்டிக் கட்டினால் புதியது அமரும்போது பழையதையும் இழுத்துக்கொண்டு போகும். ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒரு அங்குல இடைவெளி விட்டு, மேலே தகடு போட்டு மூடுங்கள். பழைய அஸ்திவாரத்தைவிட ஆழமாக அதன் பக்கத்தில் பள்ளம் தோண்டவே கூடாது, வேறு வழியில்லை என்றால் மூன்று நான்கடித் துண்டாக விட்டு விட்டுத் தோண்டி, ஒன்றைக் கட்டி முடித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

புதியதன் முகடு பழையதைவிட இரண்டடியாவது தாழ்ந்திருக்கட்டும், கூரைச் சரிவு அதே அளவு, சுவருக்கு அதே வெள்ளை. மற்றபடி அது பழசு மாதிரி நடிக்க வேண்டாம். இரும்புக் குழாய், சாதாரண செங்கல், எளிமையான சன்னல் போதும், சோலாரும் அதன் கூரையில் போகட்டும். இரண்டு கூரை சேர்ந்து கூடுவாய் வருகிற மாதிரி மட்டும் திட்டம் போடாதீர்கள், டெல்டா மழையில் முதலில் ஒழுகுவது அதுதான்.

அனுமதியும் ஆளும்

பஞ்சாயத்து அனுமதி எப்படியும் வேண்டும். அதைத் தாண்டி, பக்கத்தில் பழைய கோயில் இருந்தால் அது யார் பாதுகாப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் போல மத்தியத் தொல்லியல் துறையிடம் உள்ள இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கட்ட முடியாது, அதற்கு அடுத்த 200 மீட்டரும் கட்டுப்பாடுதான், பழுது பார்க்கவும் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் அனுமதி வாங்க வேண்டும்.

சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம். தெரியும் என்று சொல்பவரிடம் கொல்லைச் சுவரில் மூன்றடிக்கு மூன்றடி பூசச் சொல்லி ஒரு மாதம் விட்டுப் பாருங்கள், விரியாமல், நகத்தால் கீறினால் உதிராமல் இருந்தால் ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மண் சுவர் என்றால் ஆரோவில்லில் உள்ள எர்த் இன்ஸ்டிட்யூட்டில் பயிற்சி கொடுக்கிறார்கள், ஊர்க் கொத்தனார் ஒருவரை அனுப்பி வைப்பது வீண் செலவாகாது. கூலியைச் சதுர அடிக் கணக்கில் பேசாதீர்கள், சுண்ணாம்பு வேலையில் அது அவசரத்துக்குத்தான் வழி. நாள் கூலியாகப் பேசுங்கள்.

தை பிறந்ததும் ஓட்டைப் பிரித்தால் ஆடிக்குள் கூரை மூடிவிடலாம், பூச்சு வேலையை அதற்குப் பிறகு நிழலில் செய்யலாம். மிஞ்சிய பழைய ஓட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், இருநூறு முந்நூறாவது கொல்லையில் நிமிர்த்தி அடுக்கி வையுங்கள், அந்த முத்திரை மறுபடி கடையில் கிடைக்காது.