சினாட்ரா பாணியில் ஸ்விங் பாட: தாளம், மூச்சு, மைக்

1960 தொடக்கத்தில் லாஸ் வேகஸின் சாண்ட்ஸ் ஓட்டலில் அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா, டீன் மார்ட்டின், சாமி டேவிஸ் ஜூனியர், பீட்டர் லாஃபோர்ட், ஜோயி பிஷப் ஐவரும் சேர்ந்து நடத்திய நிகழ்ச்சிகள்தான் 'ராட் பேக்' என்ற இந்தக் கலைஞர் கூட்டத்தை ஊரறியச் செய்தன. அவர்கள் மேடைக் கலாட்டா பேசப்பட்ட அளவுக்குப் பாட்டு நுணுக்கம் பேசப்படவில்லை. அதைக் கரோக்கி டிராக் வைத்தே பழகலாம்.

முதலில் கேளுங்கள். கவுண்ட் பேஸி இசைக்குழுவோடு அதே ஓட்டலில் பதிவாகி 1966-ல் வெளிவந்த சினாட்ராவின் ஆல்பம் போதும். ஹெட்ஃபோனில் குரலை விட்டுவிட்டு அந்தக் குழுவின் ஃப்ரெடி கிரீனுடைய கிட்டாரைத் தேடுங்கள். பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) நான்கு அடி, மெல்லிசாக, விடாமல் விழும். குரல் எவ்வளவு விலகினாலும் அது நகராது.

அடுத்தது தாளம். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 அடி என்றால் மெட்ரோனோமை (சீராக 'டிக்' அடிக்கும் தாளக் கருவி) 60-ல் வையுங்கள். அந்த 'டிக்' 2-ஆம், 4-ஆம் அடியில் விழுவதாக எண்ணுங்கள். நமக்குக் கை தானாக 1-லும் 3-லும் தட்டும். அப்படித் தட்டினால் ஸ்விங் (துள்ளிச் செல்லும் ஜாஸ் தாளநடை) அணிவகுப்புப் பாட்டாகிவிடும். இந்தக் கணக்கில் வரிகளை முதலில் மெட்டில்லாமல் பேசிப் பாருங்கள்.

பிறகு வரியைக் கொஞ்சம் தாமதித்து எடுங்கள். அனாகத எடுப்புக்கு (தாளம் தொடங்கிய பின் பாட்டை எடுப்பது) இருப்பது போன்ற நிலையான இடம் இதற்குக் கிடையாது. வரிக்கு வரி மாறும். பலரும் சறுக்குவது இங்கேதான். தாமதித்த சொற்களை நடுவில் நெருக்கி, வரியின் முடிவில் இசைக்குழுவோடு போய்ச் சேர வேண்டும். எல்லா வரியையும் ஒரே அளவு பின்தள்ளினால் டிராக்கைத் தவறவிட்டவர் போலத்தான் கேட்கும்.

இந்தப் பாடல்களில் பெரும்பாலானவை 32 பார். எட்டெட்டாக நான்கு பகுதி. 120 வேகத்தில் நான்கு பார் என்பது 8 விநாடி. ஒரே மூச்சில் 8 விநாடி பாடிப் பழகி, பின் 12 விநாடிக்குப் போங்கள். மூன்றாம் பகுதி முடிந்து நான்காவது தொடங்கும் இடத்தில் மூச்சு எடுக்காமல் தாண்டுவதுதான் குறி. இசைக்குழுத் தலைவர் டாமி டோர்ஸி டிராம்போன் ஊதும்போது மூச்சைக் கையாண்ட விதத்தைப் பார்த்துத்தான் சினாட்ரா இந்த நீள வரிகளைக் கற்றார்.

மைக்கை மெல்லிய இடத்தில் வாயிலிருந்து 5 செ.மீ., உச்சத்தில் 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். கிட்டே வந்தால் அடிக்குரல் கனக்கும், அதனால் அங்கே கத்தத் தேவையில்லை. 'ப' ஓசை வெடித்தால் மைக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்புங்கள். ஆங்கில 'டி'யை (t) நம் 'ட்' போல அழுத்தினாலும் அதே தொல்லைதான்; நாக்கு நுனியால் லேசாகத் தொட்டு விடுங்கள்.

கமகம் வேண்டாம். நீண்ட சுரத்தை நேராகப் பிடித்து, கடைசியில் மட்டும் அதிர விடுங்கள். உச்ச சுரத்தில் தொண்டை இறுகினால் டிராக்கை அரை அரைக் கட்டையாக இறக்குங்கள்.

மார்ட்டினைப் பின்பற்றுபவர்கள் அவர் குடிகார வேடத்தைப் பார்த்துச் சொற்களைக் குழறுகிறார்கள். வேடம் பேச்சில்தான், பாட்டில் சுருதியும் உச்சரிப்பும் சுத்தம். சாமி டேவிஸைக் கடைசியில் தொடுங்கள். டாப் டான்ஸும் டிரம்ஸும் தெரிந்தவர் அவர், வேகப் பாட்டில் ஒவ்வோர் அசையும் அடியில் துல்லியமாக விழும். மெட்ரோனோமில் 2, 4 நழுவாத பிறகே அந்த வேகத்துக்குப் போங்கள்.