சி டிரைவ் சிவப்பா மாறிடுச்சா? எதை அழிக்கலாம், எதை தொடவே கூடாது

ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல சி டிரைவ் பட்டை சிவப்பா தெரிஞ்சா 10 சதவீதத்துக்கும் கம்மியா தான் இடம் மிச்சம்னு அர்த்தம். ரேம் பத்தாதப்போ விண்டோஸ் பேஜ் ஃபைல்னு ஒண்ண வச்சு கொஞ்சத்த அங்க தான் தள்ளி வைக்கும், அப்டேட் வந்து விரியுறதும் அங்க தான், குரோம் தற்காலிகமா சேத்து வைக்கிற கேஷும் அங்க தான், அதனால இடம் இல்லன்னா எல்லாமே முட்டிக்கிட்டு நிக்கும். எஸ்எஸ்டி-ல (ஹார்ட் டிஸ்க்க விட வேகமான டிஸ்க்) ரொம்ப நிரம்பிட்டா எழுதுற வேகமே குறைஞ்சிடும்.

எது இடத்த பிடிச்சிருக்குன்னு பாக்காம அழிக்க உக்காராதீங்க. நிறைய பேர் டவுன்லோட்ஸ்குள்ள போய் ஆதார் பிடிஎஃப், அதோட (1), (2), (3) காப்பி, பழைய கரண்ட் பில்னு ஒவ்வொண்ணா பாத்து பாத்து தூக்குவாங்க, அரை மணி நேரம் போயும் 50 எம்பி கூட தேறாது, அதே இடத்துல டெலிகிராம் டெஸ்க்டாப்னு ஒரு ஃபோல்டர்ல ஒவ்வொண்ணும் 3 ஜிபின்னு ஏழெட்டு படம் பாத்து முடிச்சதும் மறந்து கிடக்கும். விஸ்ட்ரீ (WizTree)-ன்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, ரன் பண்ணா பெரிய ஃபைல், பெரிய ஃபோல்டர் எல்லாத்தையும் வரிசையா மேல கொண்டு வந்து காட்டிடும், மேல இருக்குற பத்து ஐட்டத்த பாத்தாலே பாதி வேலை முடிஞ்சுது. கிளீனர், பூஸ்டர்னு விளம்பரத்துல வர்ற எதையும் போடாதீங்க, அதுவே ஒரு இடம் பிடிக்கும்.

அடுத்து செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். கொஞ்ச நேரம் கணக்கு போட்டு லிஸ்ட் குடுக்கும். விண்டோஸ் அப்டேட் கிளீனப், டெலிவரி ஆப்டிமைசேஷன், தம்ப்நெயில் எல்லாம் கண்ண மூடிட்டு டிக் பண்ணலாம். ஆனா அதே லிஸ்ட்லயே டவுன்லோட்ஸும் இருக்கும், ரிமூவ் அமுக்குறதுக்கு முன்னாடி அதுல டிக் இல்லையான்னு ஒரு தடவ பாத்துக்கங்க, அது போனா ரீசைக்கிள் பின்ல தேடியும் கிடைக்காது. விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபரோட நின்னதால நிறைய பேர் 11-க்கு மாறியிருப்பீங்க, அப்படி மாறினா பழைய விண்டோஸோட காப்பி பல ஜிபிக்கு கிடக்கும். 10 நாளைக்குள்ள பழசுக்கு திரும்பணும்னா அது வேணும், புதுசு நல்லா ஓடுதுன்னா "ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்" டிக் பண்ணி தூக்கிடுங்க.

ஹைபர்னேட் பண்ணும்போது ரேம்ல இருக்குறத சி-ல சேத்து வைக்கிற ஹைபர்னேட் ஃபைல தூக்குன்னு நிறைய வீடியோல சொல்றாங்க. 8 ஜிபி ரேம் மெஷின்ல சுமார் 3 ஜிபி கிடைக்கும், உண்மை தான், ஆனா அதோட மெஷின சீக்கிரம் ஆன் பண்ற ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போயிடும், ஸ்லோன்னு சொல்லிட்டு ஆன் ஆகுற நேரத்த ஏத்திக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல, வேற வழியே இல்லன்னா பாத்துக்கலாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள போய் சிஸ்டம் ஃபைல்கள் இருக்குற வின்எஸ்எக்ஸ்எஸ் (WinSxS) ஃபோல்டர் பெருசா இருக்கேன்னு கையால அழிச்சீங்கன்னா மறுபடி ஓஎஸ் போடுற நிலைமை கூட வரலாம்.

நம்ம ஊரு கடைல அசெம்பிள் பண்ண மெஷின்னா சி-க்கு 100 ஜிபி மட்டும் குடுத்துட்டு மீதிய டி, ஈ-ன்னு பிரிச்சு வச்சிருப்பாங்க, டி காலியா கிடக்கும், சி மூச்சு முட்டும். டெஸ்க்டாப்ல போடுறதும் சி-ல தான் போய் உக்காருது, இது பல பேருக்கு தெரியறதில்ல. டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ், டி-ல புதுசா ஒரு ஃபோல்டர் காட்டுங்க, அதுக்கப்புறம் இறங்குறது எல்லாம் அங்கயே போகும். டாக்குமென்ட்ஸுக்கும் இதே தான். ப்ரோக்ராம் ஃபைல்ஸ மட்டும் கட் பண்ணி டி-ல ஒட்டாதீங்க, எதுவும் ஓடாது, அன்இன்ஸ்டால் பண்ணிட்டு டி-ல திரும்ப போடணும்.

20, 30 ஜிபி காலியாகியும் மெஷின் நகரலன்னா டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பாருங்க. டிஸ்க்னு இருக்குற இடத்துல எச்டிடின்னு (அதாவது பழைய வகை ஹார்ட் டிஸ்க்) போட்டு எப்பவும் 100 சதவீதத்துலயே நின்னா இனிமே என்ன அழிச்சும் பிரயோஜனம் இல்ல, 256 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கி விண்டோஸ அதுல போட்டுட்டு பழைய ஹார்ட் டிஸ்க்க படம், போட்டோ வைக்க வச்சுக்கங்க.