தட்டி எழுதும் முன்: விதை உரிமை ஆர்ப்பாட்டத்துக்குச் சில குறிப்புகள்

நான் தக்கலையில் போர்டு எழுதிப் பிழைத்தவன். பிளக்ஸ் வந்து தொழில் படுத்த பிறகு, வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் முப்பது சென்ட்டில் மட்டி வாழையும் ஏத்தன் வாழையும் வைத்துக் காலம் ஓடுகிறது. ஆனால் விவசாயிகள் ஆர்ப்பாட்டம் என்றால் தட்டி எழுத இன்னமும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

2019 ஏப்ரலில் குஜராத் உருளைக்கிழங்கு விவகாரம் பேப்பரில் வந்தது. தன்னுடைய எஃப்.எல். 2027 ரகத்தை அனுமதி இல்லாமல் பயிரிட்டதாக சாபர்காண்டா விவசாயிகள் நான்கு பேர் மேல் லேஸ் சிப்ஸ் கம்பெனியான பெப்சிகோ வழக்குப் போட்டு, ஆளுக்கு 1.05 கோடி ரூபாய் கேட்டது. நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் முன்னால் நிற்பது என்று எங்கள் ஆட்கள் முடிவு செய்தார்கள். ராத்திரி கண் விழித்துப் பன்னிரண்டு தட்டி எழுதினேன். ‘உருளைக்கிழங்கு பேட்டன்ட்டை ரத்து செய்!’ சிவப்பு எழுத்து, கறுப்பு நிழல். காலையில் அந்த வழியாக வந்த வக்கீல் ஒருவர் நின்று படித்துவிட்டு, “அண்ணாச்சி, இந்த வழக்குல பேட்டன்ட்டே கிடையாது, பாத்துக்கிடுங்க” என்றார். ‘பேட்டன்ட்’ என்ற இடத்தில் எல்லாம் வெள்ளைத் தாள் ஒட்டிக்கொண்டு நின்றோம். ஆடி மாதக் காற்றுகூட வேண்டியிருக்கவில்லை, அரை மணிக்கூரில் பாதித் தாள் பறந்துவிட்டது.

அதனால் முதல் வேலை, சொல்லைச் சரிபார்ப்பது. பேட்டன்ட் என்றால் காப்புரிமை. நம் காப்புரிமைச் சட்டம் 3(ஜே) பிரிவில் செடிக்கும் விதைக்கும் ரகத்துக்கும் பேட்டன்ட் கிடையாது. (மரபணு மாற்றிய பி.டி. பருத்தியில் அந்த மரபணுவுக்கு பேட்டன்ட் வாங்கியது தனிக் கதை.) குஜராத் வழக்கு நடந்தது 2001ஆம் வருடத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் கீழ். அங்கே இருப்பது ‘ரகப் பதிவு’, அதாவது ரகத்தைப் பதிந்தவருக்கு அதை விளைவிக்கவும் விற்கவும் தருகிற தனி உரிமை. மரம், கொடி வகைக்கு 18 வருடமும் மற்றப் பயிருக்கு 15 வருடமும் அது செல்லும்.

புவிசார் குறியீடு வேறு. 2023இல் கன்னியாகுமரி மட்டி வாழைக்கு அது கிடைத்தபோது பக்கத்துத் தோட்டத்து மாமா பதறிப்போய், “இனி கன்னு விக்க லைசன்ஸ் எடுக்கணுமாடே?” என்று கேட்டார். வேண்டாம். அது காப்பது பேரை. வேறு ஊர்க் காயைக் ‘கன்னியாகுமரி மட்டி’ என்று சொல்லி விற்பதைத்தான் அது தடுக்கும். இந்த மூன்றையும் குழப்பி ஒரே தட்டியில் எழுதினால் எதிரே நிற்கிற அதிகாரிக்குத்தான் கொண்டாட்டம்.

அப்புறம் முழக்கம். எதுகை மோனைக்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம், அந்த 2001ஆம் வருடத்து உழவர் உரிமைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. பிரிவு 39(1)(iv)-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பதிவான ரகமாக இருந்தாலும் விவசாயி தன் விளைச்சலை, விதை உட்பட, சேமிக்கலாம், பயன்படுத்தலாம், விதைக்கலாம், திரும்ப விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம். ஏழு வினைச்சொல், ஏழு தட்டி. ஆளுக்கு ஒன்றாகப் பிடித்து வரிசையாக நின்றால் அதுவே பாட்டுப்போல வாசிக்கும். ‘விற்கலாம்’ தட்டியில் மட்டும் அடியில் சின்னதாக ஒரு வரி சேருங்கள்: பாக்கெட் போட்டு, பதிவான ரகம் என்று லேபிள் ஒட்டி விற்கக் கூடாது. அதை மறைத்தால், மைக் பிடிக்கிற நம் ஆளிடம் யாராவது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கலெக்டரிடம் கொடுக்கிற மனுவில் அதே சட்டத்தின் வேறு இரண்டு பிரிவுகள் இருக்கட்டும். 42, பதிவு இருப்பது தெரியாமல் மீறிய விவசாயிக்குப் பாதுகாப்பு. 44, இந்தச் சட்டத்து நடவடிக்கைகளில் விவசாயிக்குக் கட்டணம் கிடையாது. விதை வாங்கிய பில்லையும் சாக்கு லேபிளையும் எறியாமல் வைக்கச் சொல்லி நோட்டீஸில் ஒரு வரி போடுங்கள். கம்பெனி சொன்ன விளைச்சல் வராவிட்டால் 39(2)இன் கீழ் இழப்பீடு கேட்க அதுதான் கையில் இருக்கிற சாட்சி.

பழைய வெற்றியை எழுதுமுன் கடைசித் தீர்ப்பைப் பாருங்கள். பெப்சிகோ 2019 மே மாதம் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவு ரத்தானது. அதோடு நிறுத்தி ‘வென்றோம்’ என்று எழுதிய நோட்டீஸ் ஒன்றை நான் போன வருடம் பார்த்தேன். 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு அந்த ரத்தை நீக்கிவிட்டது. ‘வென்றோம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் இனி என்ன எழுதுவது என்று நீங்களே யோசியுங்கள்.

மற்றது சில்லறை வேலை. போலீஸ் ஸ்டேஷனில் இடம், நேரம், ஆள் கணக்கு எழுதி முன்கூட்டியே கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். மைக்குக்குத் தனியாகக் கேளுங்கள். தட்டிக்குக் கமுகு வரிச்சு (பாக்கு மரத்தைக் கீறிய பட்டை) போதும், லேசு, கை கடுக்காது. நம் ஊரில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, போஸ்டர் கலரில் எழுதாதீர்கள். எனாமல் பெயின்ட், அதுவும் முந்தின நாள் மத்தியானமே எழுதிக் காய வைத்தது. ராத்திரி எழுதினால் காலையில் சட்டையில்தான் ஒட்டும்.