டர்போவுக்குத் தனி எண்ணெய் ஓட்டம்: அமைப்பவர்கள் தவறும் இடங்கள்

எஞ்சினின் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவை எஞ்சின் எண்ணெயிலிருந்து பிரித்து, அதற்கென்று ஒரு தொட்டி, மின் பம்ப், வடிகட்டி, எண்ணெய்க் குளிர்விப்பான் ஆகியவற்றைப் பொருத்தும் எண்ணம் சிங்கப்பூரில் காரை மாற்றியமைக்கும் ஆர்வலர்கள் சிலருக்கு அவ்வப்போது எழுவதுண்டு. எண்ணத்தில் பிழையில்லை. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 100,000 சுற்றுகளைத் தாண்டிச் சுழல்கிறது. சிறிய டர்போக்களில் அது 200,000 சுற்றுகளையும் எட்டும். பெட்ரோல் எஞ்சினிலிருந்து டர்பைனுக்கு, அதாவது தண்டின் ஒரு முனையில் புகையால் சுழலும் சக்கரத்துக்கு, வரும் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைக் கடக்கக்கூடும். அந்த வேகத்திலும் வெப்பத்திலும் தண்டைக் காப்பது எண்ணெய் ஒன்றே என்பதால், எரிபொருள் கலந்து நீர்த்துக் கரி சேர்ந்த எஞ்சின் எண்ணெயைவிடத் தூய எண்ணெய் மேல் என்று வாதிடுவதில் நியாயம் உண்டு. ஆனால் டர்போவுக்காக எஞ்சின் இதுவரை செய்துவந்த வேலைகள் அனைத்தையும் இனி இந்தத் தனி அமைப்பே செய்தாக வேண்டும். அவற்றுள் எண்ணெயை அனுப்புவது எளிது, திரும்பப் பெறுவதே கடினம். தவறுகளில் பெரும்பாலானவை அந்தத் திரும்பும் வழியில்தான் நேர்கின்றன.

அதற்கு முன்பே நேரும் தவறு ஒன்று உண்டு. தேவையில்லாத காரில் இதைப் பொருத்துவதுதான் அது. டர்போக்கள் பல பழுதாவதற்குக் காரணம், தவணை கடந்தும் மாற்றப்படாத எண்ணெயும் டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் வரத்துக் குழாய் கரியால் அடைபடுவதுமே. சில எஞ்சின்களில் அந்தக் குழாயை இணைக்கும் போல்ட்டுக்குள் ஒரு சிறு வலை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் புது டர்போவும் நெடுநாள் நிற்காது. காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ உள்ள பட்டறையில் குழாயையும் வலையையும் மாற்றி, எண்ணெய் மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொள்வது, தனித் தொட்டி வைப்பதைவிட மிகவும் மலிவு. எஞ்சினுக்கு வெகு தொலைவில், காரின் பின்புறத்தில் தாழ்வாக டர்போவைப் பொருத்துவோருக்கும், பந்தயத் தடத்தில் ஓட்டுவோருக்கும் தனி ஓட்டம் பொருந்தலாம். அன்றாடம் வேலைக்குச் சென்றுவரும் காருக்கு அது வீண் சுமை என்பதே என் கருத்து.

இனித் திரும்பும் வழியைப் பார்ப்போம். டர்போவுக்குள் அழுத்தத்தோடு செல்லும் எண்ணெய், வெளியேறும்போது காற்று கலந்த நுரையாகி, அழுத்தம் ஏதுமின்றித் தன் எடையால் மட்டுமே கீழே வடிகிறது. வரத்துக் குழாய் மெல்லியதாக இருப்பதைப் பார்த்து வடிகுழாயையும் அதே அளவில் போட்டுவிடுவது மிகப் பரவலான பிழை. வடிகுழாயின் உள்விட்டம் பொதுவாக 16 முதல் 19 மி.மீ. வரை இருக்க வேண்டும். அது எங்கும் தொங்கி வளைந்து பள்ளம் விழாமல் நேராக இறங்க வேண்டும். எண்ணெய் தேங்கியிருக்கும் மட்டத்துக்கு மேலேதான் தொட்டிக்குள் நுழைய வேண்டும். டர்போவில் எண்ணெய் வடியும் வாய் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது என்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகத் தரும் அளவு. தொட்டியை டர்போவுக்குக் கீழே வைக்க இடமில்லையென்றால் எண்ணெயை உறிஞ்சி எடுக்க இன்னொரு பம்ப் தேவைப்படும். நுரை, எண்ணெயைவிட அதிகக் கொள்ளளவை அடைத்துக்கொள்வதால், அந்தப் பம்பின் திறன் அனுப்பும் பம்பின் திறனைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் வாங்குவோர் பலர்.

வடிவது தடைப்பட்டால் என்ன ஆகும்? டர்போவின் இரு முனைகளிலும் இருப்பவை ரப்பர் சீல்கள் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற உலோக வளையங்கள். தண்டைத் தாங்கும் பேரிங் அறைக்குள் இருப்பதைவிட வெளியே அழுத்தம் கூடுதலாக இருக்கும்வரைதான் அவை எண்ணெயைத் தடுக்கும். அறை நிரம்பினால் எண்ணெய் இருபுறமும் கசிந்து, புகைக்குழாயில் நீலப் புகையாக வெளிவரும். உடனே டர்போ பழுது என்று முடிவுகட்டிப் புதிதொன்றை வாங்குகிறார்கள், அதுவும் புகைக்கிறது.

இதே வளையங்கள் வழியாகச் சிறிதளவு காற்றும் புகையும் எதிர்த்திசையில், பேரிங் அறைக்குள் கசிவது இயல்பு. வழக்கமான காரில் அவை எண்ணெயோடு எஞ்சினின் அடிப்பகுதிக்குச் சென்று, அங்குள்ள காற்றோட்ட வழியாக வெளியேறிவிடும். தனித் தொட்டியைச் சிந்தாமல் இருக்க வேண்டுமென்று இறுக மூடிவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, வடிகுழாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும் எண்ணெய் இறங்காது. ஆகவே தொட்டிக்குக் காற்றுவழி கட்டாயம் வேண்டும். அதன் முனையில் எண்ணெய் ஆவியைப் பிடிக்கும் சிறு கலமும் வேண்டும். இல்லாவிட்டால் சூடான புகைக்குழாயின் மேல் எண்ணெய் சொட்டித் தீப்பிடிக்கலாம். உள்ளே கசியும் புகை கரியையும் ஈரத்தையும் கொண்டுவருவதால், தனி எண்ணெயை மாற்றவே வேண்டியதில்லை என்று சிலர் சொல்வதும் தவறு.

அழுத்தம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைப்பது இன்னொரு பிழை. தண்டு சிறு உருண்டைகளின் மேல் சுழலும் பால் பேரிங் டர்போவுக்குக் குறைந்த எண்ணெயே போதும். வரத்து வாயில் ஏறத்தாழ 1 மி.மீ. துளையுள்ள கட்டுப்படுத்தியைப் பொருத்துவார்கள். எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் வளையங்கள் தண்டைத் தாங்கும் புஷ் பேரிங் டர்போவுக்கு ஓட்டம் அதிகம் தேவை. பால் பேரிங்குக்கான கட்டுப்படுத்தியைப் புஷ் பேரிங் டர்போவில் போட்டால் எண்ணெய் போதாமல் பேரிங் எரியும்; பால் பேரிங் டர்போவில் கட்டுப்படுத்தி இல்லாவிட்டால் எண்ணெய் மிகுந்து கசியும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது எச்சரிக்கை வசதி இல்லாமல் ஓட்டுவது. முகப்பிலுள்ள எண்ணெய் விளக்கு எஞ்சினை மட்டுமே கண்காணிக்கிறது. ஃபியூஸ் போனாலோ, ரிலே பழுதானாலோ, குழாய் நழுவினாலோ டர்போவுக்கு எண்ணெய் நின்றுபோனது ஓட்டுநருக்குத் தெரியாது. அழுத்த சுவிட்சைப் பம்பின் அருகில் வைக்காமல் டர்போவின் வரத்து வாயை ஒட்டி வைத்து, விளக்கோடு பஸ்ஸரையும் இணைக்க வேண்டும். அப்போது பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, தானே குறைக்கும்படி அமைத்துவிட்டால் போதும் என்று சிலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எஞ்சின் ஓடும்வரை புகை டர்பைனைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், பஸ்ஸர் ஒலித்தால் வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டி எஞ்சினையே நிறுத்த வேண்டும்.

குளிர்நாட்டவர் தரும் அறிவுரைகளை இங்கே அப்படியே பின்பற்றத் தேவையில்லை. பனிக்காலக் கிளப்பலுக்கான மெல்லிய எண்ணெய் பற்றிய கவலை நமக்கில்லை. நம் கவலை வெப்பமே. எஞ்சினில் 4, 5 லிட்டர் எண்ணெய் இருக்க, தனித் தொட்டியில் பெரும்பாலும் 1 அல்லது 2 லிட்டர்தான் இருக்கும் என்பதால் அது விரைவில் சூடேறிவிடும். பிற்பகலில் தீவு விரைவுச்சாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது குளிர்விப்பான் வழியாகக் காற்று போகாது. அதற்குத் தனி விசிறி வேண்டும்.

தனி மின் பம்பின் உண்மையான ஆதாயத்தைத்தான் பலர் கைநழுவ விடுகிறார்கள். மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வேகமாக வந்து ஓய்விடத்தில் நிறுத்திய உடனே எஞ்சினை அணைத்தால், டர்போவுக்குள் தங்கிய எண்ணெய் வெந்து கரியாகப் படியும். இதைத் தவிர்க்க, சாவியை எடுத்த பின்னும் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிடும் டர்போ டைமரைப் பொருத்துவது பழைய வழக்கம். ஆனால் சிங்கப்பூரில் நிறுத்திய வாகனத்தின் எஞ்சினைக் காரணமின்றி ஓடவிடுவது குற்றம். மின் பம்ப் இருந்தால் எஞ்சினை அணைத்த பின்னும் சில நிமிடங்கள் எண்ணெயை ஓட்டலாம். அந்தப் பம்பைச் சாவியோடு சேர்ந்து அணையும்படி இணைத்துவிட்டால் செலவழித்ததற்குப் பொருளே இல்லை. நேர வரம்பு வைக்காமல் இணைத்தால் பேட்டரி தீர்ந்துபோகும். கிளப்பும்போதும் சாவியைத் திருப்பியவுடன் பம்ப் முதலில் ஓடி, அழுத்தம் ஏறிய பிறகே எஞ்சின் இயங்குவது நல்லது.

பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிட வேண்டும். வாகன மாற்றங்களை அனுமதி தேவையற்றவை, அனுமதி தேவைப்படுபவை, அனுமதிக்கப்படாதவை என்று ஆணையம் வகைப்படுத்தியிருக்கிறது. 3 ஆண்டைக் கடந்த கார் 2 ஆண்டுக்கு ஒருமுறையும், 10 ஆண்டைக் கடந்தது ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டியிருப்பதால், விவரம் கேட்காமல் பொருத்தியது அங்கே கண்ணில் படும். கழற்றும் செலவும் நம் தலையில்தான் விழும்.