சொட்டின முற்றத்துப் பைப்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கட முற்றத்துத் தண்ணிப் பைப் எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் சொட்டிக்கொண்டே இருந்தது. பூட்டின பிறகும் வாயால் சொட்டினால் பெரும்பாலும் உள்ளே தண்ணியை அடைக்கிற சின்ன ரப்பர் வளையம், வொஷர், தேய்ந்திருக்கும். திறக்கும்போது கைபிடியடியில் கசிந்தால் வேறு கதை. அங்குள்ள நட்டைக் கொஞ்சம் இறுக்கினாலே அநேகமாக நிற்கும்.

மீட்டரடி வால்வைப் பூட்டி, மிச்சத் தண்ணியை வடிய விட்டேன். மேற்பகுதியைக் கழற்றத்தான் பெரும்பாடு. கடற்காற்று உப்பில் பித்தளை இறுகிப்போயிருந்தது. இறுகினதை இளக்கிற டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டேன். சுவருக்குள் பிவிசி லைன் என்பதால் ஒரு ஸ்பானரால் பைப்பின் உடலைப் பிடித்துக்கொண்டு மற்றதால் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பைப்பை லைனோடு இணைக்கிற சொக்கட் வெடித்து, சுவரை உடைக்கிற வேலையாகிவிடும்.

வொஷர் கல்லாய்க் காய்ந்து, வட்டமாகத் தடம் பதிந்திருந்தது. அதைக் கையோடு கொண்டுபோய்க் காலி வீதிக் கடையொன்றில் அரை அங்குல வொஷர் கேட்டேன்.

"புதுப் பைப்பே போடுங்கோவன், அண்ணை" என்றார் கடைத் தம்பி. இப்ப வாற மெல்லிய பைப்புகளைவிட இந்தப் பழைய பித்தளை எவ்வளவோ மேல் என்று வொஷரை மட்டும் வாங்கிவந்தேன்.

வொஷர் அமரும் விளிம்பை விரலால் தடவினேன், வெட்டில்லை. வெட்டிருந்தால் புது வொஷரும் கன நாள் நிற்காது. புது வொஷரைப் போட்டு மேற்பகுதியைத் திரும்பப் பூட்டி, வால்வை மெல்லத் திறந்தேன், சொட்டு நின்றது. இனி இரண்டு விரலால் பூட்டினாலே போதும். வீட்டில் ஆக்களுக்குத்தான் முறுக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.