பயிற்சிச் செலவு கழியுமுன் பாரவூர்தி வேலையை விடுதல்: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

எங்கள் ஊரில் ‘பொண்ட்’ என்றால் அது அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பது. படிப்பு விடுமுறையில் வெளிநாடு செல்லும் விரிவுரையாளர் பிணையாளிகளோடு கையொப்பமிடுவார். அவர் திரும்பி வராவிட்டால் பணம் கேட்டுக் கடிதம் பிணையாளியின் வீட்டுக்கு வரும். இதைக் கண்டு வளர்ந்தவர்கள், கனடாவில் பாரவூர்திக் கொம்பனி நீட்டும் பயிற்சி ஒப்பந்தத்தையும் அதே கண்ணோடு பார்த்து, பணம் கழியும்வரை வேலையை விடவே முடியாது என்று நம்பிவிடுகிறார்கள். ஒன்ராறியோவில் சில ஆண்டுகள் பாரவூர்தி ஓட்டிவிட்டு இப்போது கொக்குவிலில் இருக்கும் என்னிடம், அங்கு போய்ச் சேர்ந்த பிள்ளைகளின் ஒப்பந்தப் படங்களைப் பெற்றோர் வட்ஸ்அப்பில் காட்டும்போது, முதலில் நான் சொல்வது ஒன்றுதான்: வேலையை விடுவது வேறு, பணம் கொடுக்க வேண்டியிருப்பது வேறு.

இந்தச் செலவு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஒன்ராறியோவில் ட்ரெய்லர் இழுக்கும் ‘ஏ’ வகுப்பு உரிமத்துக்குத் தோற்றுபவர்கள், 2017 யூலை 1 முதல், குறைந்தது 103.5 மணி நேரக் கட்டாயப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். சுன்னாகச் சந்தையிலிருந்து தம்புள்ளைக்கு ஏ-9 வீதியில் இருபது வருடம் லொறி ஓட்டியவராக இருந்தாலும், இலங்கையின் கனரக உரிமத்தைக் கொடுத்து அங்குள்ள ‘ஏ’ உரிமத்தை மாற்றாக வாங்கிவிட முடியாது. பயிற்சிக்கு ஆயிரக்கணக்கான டொலர் செல்வதால், கொம்பனி அதைக் கட்டிவிட்டு, ஓராண்டோ இரண்டாண்டோ தங்களிடமே ஓட்ட வேண்டும் என்று எழுதி வாங்குகிறது. இதில் மட்டும் தவறொன்றும் இல்லை.

வேலையை விடுவதைத் தடுக்கும் அதிகாரம் கொம்பனிக்குக் கிடையாது. உரிமம் உங்கள் பெயரில் மாகாணம் வழங்கியது. அதை அவர்களால் இரத்துச் செய்ய இயலாது. வெளிநாட்டுப் பணியாளரின் கடவுச்சீட்டை வாங்கி வைத்திருப்பதை ஒன்ராறியோச் சட்டம் தடை செய்கிறது. பயிற்சிப் பணம் நிலுவையில் இருப்பது குடியியல் விவகாரம். அதற்காகப் பொலிஸ் வராது, நாடு கடத்தவும் மாட்டார்கள். ஆனால் ஒரே முதலாளிக்கென்று கட்டப்பட்ட வேலை அனுமதியில் வந்தவர்கள் நிதானிக்க வேண்டும்: வேலையை விடுவது குற்றமல்ல என்றாலும், புதிய முதலாளிக்கான அனுமதி கிடைக்குமுன் வேறிடத்தில் ஓட்டினால் அது குடிவரவுச் சட்டத்தை மீறுவதாகும். மிரட்டலோ, சம்பள மோசடியோ நடந்தால், பாதிக்கப்பட்ட பணியாளர்களுக்கான திறந்த வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் வழி 2019 யூன் மாதம் முதல் இருக்கிறது.

அடுத்தது பணம். ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரி, தொகை மாதாமாதம் குறைகிறதா என்பதுதான். 7,200 டொலர், 24 மாதம், மாதத்துக்கு 300 டொலர் கழியும் என்று இருந்தால், 15 மாதம் ஓட்டிவிட்டு விலகுபவர் கொடுக்க வேண்டியது 2,700 டொலர். அப்படிக் குறையாமல், 23ஆம் மாதத்தில் போனாலும் முழு 7,200 என்று எழுதியிருந்தால், அது உண்மையான இழப்பை ஈடுசெய்வதா, அல்லது விலகுபவரைத் தண்டிப்பதா என்ற கேள்வி எழும். தண்டமாக மட்டும் அமைந்த நிபந்தனையை நீதிமன்றம் ஏற்க மறுக்கலாம். ஆகவே அத்தகைய ஒப்பந்தத்தைச் சட்டத்தரணியிடமோ இலவச சட்ட உதவி நிலையத்திலோ காட்டாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

தொகை எப்படிச் சேர்ந்தது என்றும் கேளுங்கள். என் முதல் கொம்பனி எனக்குத் தந்த கணக்கில், பயிற்சிப் பாடசாலைக் கட்டணத்துக்குக் கீழே ‘பயிற்றுநர் ஐந்து வாரம்’ என்று இன்னொரு வரி இருந்தது. அந்த ஐந்து வாரமும் நானும் பயிற்றுநரும் மாறி மாறி ஓட்டி, டெக்சாஸ் வரை அவர்களுடைய சரக்கைத்தான் இறக்கிக்கொண்டிருந்தோம்! பாடசாலையின் பற்றுச்சீட்டையும், அந்த வாரங்களின் ஓட்டப் பதிவையும் இணைத்து ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு வாரத்தில் வந்த புதிய கணக்கில் அந்த வரி இல்லை. கொம்பனியின் லோட்டை நீங்கள் ஓட்டிய நாள் வேலை நாள், அதற்குச் சம்பளம் உண்டு.

பெரும்பாலான சண்டை கடைசிச் சம்பளத்தில்தான் வெடிக்கிறது. கணக்கைப் பார்த்தால் வைப்பிலிட்டது பூச்சியமாக இருக்கும்: பயிற்சிப் பணம் என்று சொல்லிக் கொம்பனி முழுச் சம்பளத்தையும் கழித்திருக்கும். மாகாண எல்லையையோ அமெரிக்க எல்லையையோ தாண்டி ஓடும் கொம்பனி மத்திய தொழிற் சட்டத்துக்கு உட்பட்டது. ஒன்ராறியோவுக்குள் மட்டும் ஓடுவது மாகாணச் சட்டத்துக்கு உட்பட்டது. சட்டமோ நீதிமன்றமோ கட்டளையிடும் கழிவுகளைத் தவிர, இப்படியான கழிவுக்கு உங்கள் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. ஒன்ராறியோச் சட்டம், அந்தச் சம்மதத்தில் தொகையோ அதைக் கணக்கிடும் முறையோ தெளிவாக இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. ஆகவே ‘எந்தக் கடனையும் சம்பளத்தில் கழிக்கலாம்’ என்ற பொதுவான வரியில் கையொப்பமிடாதீர்கள். முறைப்பாட்டுக்கான காலம் மத்திய சட்டத்தில் சம்பளம் வரவேண்டிய நாளிலிருந்து ஆறு மாதம், மாகாணத்தில் இரண்டு ஆண்டு. ‘பார்ப்போம்’ என்று இருந்தவர்கள் இழப்பது அந்த ஆறு மாதத்தைத்தான்.

விலகும் முறையில் அவசரம் கூடாது. ஓட்டங்களை ஒதுக்கித் தரும் டிஸ்பாட்சரோடு சண்டையிட்டு, ஒஹாயோவில் ஒரு பாரவூர்தித் தரிப்பிடத்தில் வண்டியை லோட்டோடு விட்டுவிட்டு பஸ் ஏறியவரை எனக்குத் தெரியும். அமெரிக்காவுக்கு ஓடும் கொம்பனிகள் சாரதியை எடுக்குமுன் முந்தைய மூன்று ஆண்டு வேலைகளை விசாரிக்க வேண்டும். பயிற்சிக் கடன் எவருக்கும் மறந்துபோகலாம், லோட்டை நடுவழியில் கைவிட்ட கதை கூடவே வரும். இரண்டு வார முன்னறிவித்தலை மின்னஞ்சலில் அனுப்பி, வண்டியைக் கொம்பனியின் யாட்டில் நிறுத்தி, கிலோமீற்றர் எண்ணையும் நான்கு பக்கத்தையும் படம் எடுத்து, சாவிக்கும் எரிபொருள் அட்டைக்கும் கையொப்பம் வாங்கிக்கொண்டு வெளியேறுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முகவர் கேட்டார் என்று சமாதான நீதவான் முன் அப்பாவின் பெயரில் சத்தியக்கடதாசி முடித்து அனுப்புவதோ, ஸ்காபுறோவில் இருக்கும் மாமாவைப் பிணையாளியாகக் கையொப்பமிட வைப்பதோ வேண்டாம். உங்கள் கடனுக்கு அவரும் பொறுப்பாளியாவார். குடும்ப முறுகல் இலவசமாகக் கிடைக்கும். வேலை பிடித்துத் தந்ததற்கு என்று முகவர் வாங்கும் பணம் பயிற்சிச் செலவு அல்ல. வெளிநாட்டுப் பணியாளரிடம் அத்தகைய கட்டணம் அறவிடுவதை ஒன்ராறியோ தடை செய்திருக்கிறது.

கொடுக்க வேண்டியது நியாயமாக இருந்தால் கொடுத்துவிடுங்கள், தவணைக்குக் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். வழக்கு வந்தால் பொதுவாகச் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில்தான் வரும். பத்திரம் கையில் கிடைத்த 20 நாளுக்குள் எதிர்வாதம் பதியாவிட்டால், உங்கள் பக்கத்தைக் கேளாமலே தீர்ப்பு எழுதப்படலாம். சமரசம் ஏற்பட்டால், இந்தத் தொகையோடு முழுக் கணக்கும் தீர்ந்தது, கடன் வசூலிப்பவர்களிடம் விவகாரம் ஒப்படைக்கப்படமாட்டாது என்று கொம்பனியின் கடிதத்தாளில் எழுதி வாங்குங்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்த பின்னரே கடைசித் தவணையை அனுப்புங்கள்.