இரண்டு வீடியோ ஸ்விட்சர்களை இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல கேமராக்களில் எதைக் காட்டுவது என்று மாற்றித் தரும் பெட்டிதான் ஸ்விட்சர். பெரிய கல்யாணங்களில் இப்போது ஒரு ஸ்விட்சர் போதுவதில்லை. மண்டபத்து எல்.இ.டி. திரைக்கு ஒன்று, யூடியூப் லைவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைக்கிறார்கள். திரையில் போட்டோ ஸ்லைடு ஓடிக்கொண்டிருக்கும்போதும் வெளியூரில் இருந்து பார்க்கிற அத்தைக்குத் தாலி கட்டுவது தெரிய வேண்டும் இல்லையா? பிரித்தது சரிதான். வம்பு எல்லாம் இரண்டையும் இணைக்கும் கேபிளில்தான்.

முதல் (திரை) ஸ்விட்சரின் புரோகிராம் அவுட்டை, அதாவது திரைக்குப் போகும் இறுதிப் படத்தை, அப்படியே இரண்டாவதில் செருகிவிடுவது வழக்கம். என்னைக் கேட்டால், பாதித் தொல்லை இதிலிருந்துதான் கிளம்புகிறது. திரைக்காரர் போடும் பெயர்ப்பட்டையும் லோகோவும் அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். லைவ்காரரும் தன் பட்டையைப் போட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். திரைக்காரர் ஃபேட் டு பிளாக் அழுத்தினால் லைவும் சேர்ந்து இருண்டுவிடும். ஆக்ஸ் அவுட் (தனியாகத் தேர்ந்த படத்தை அனுப்பும் கூடுதல் அவுட்) இருந்தால் அதிலிருந்து எடுங்கள். அதில் எந்தக் கேமராவைத் தேர்ந்து வைக்கிறோமோ அதுதான் போகும். புரோகிராமில் எத்தனை முறை கட் செய்தாலும் மாறாது. சின்ன எச்.டி.எம்.ஐ. ஸ்விட்சர்களில் ஒரே அவுட்தான் இருக்கும் என்றால், அது மல்டிவியூவில் (எல்லாக் கேமராவும் கட்டம் கட்டமாகத் தெரியும் காட்சியில்) நிற்கவில்லையே என்று முதலில் பாருங்கள்.

முக்கியமான கேமராவை இன்னொரு ஸ்விட்சர் வழியாகச் சுற்றிக் கொண்டுவரவே வேண்டாம். எஸ்.டி.ஐ. ஸ்ப்ளிட்டர் (தொழில்முறை வீடியோ கேபிளின் சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் பெட்டி) போட்டு, மேடை முழுதும் தெரியும் வைடு கேமராவையாவது இரண்டுக்கும் நேராகக் கொடுங்கள். ஒன்று ஹேங் ஆனாலும் மற்றதில் காட்ட ஒரு படம் இருக்கும்.

இரண்டு புரோகிராமையும் பரஸ்பரம் அனுப்பிக்கொள்வது அடுத்த தவறு. இரு பக்கமும் ஒரே நேரத்தில் மற்றவரின் சிக்னலைத் தேர்ந்தால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். கேமராப் படம் எங்கிருந்தும் உள்ளே வராது. திருப்பி அனுப்பியே ஆக வேண்டும் என்றால், ஆக்ஸில் ஒரு கேமராவை மட்டும் வைத்து அனுப்புங்கள்.

ஃபார்மெட்டில், அதாவது படத்தின் அளவிலும் நொடிக்கு எத்தனை படம் என்பதிலும்தான், நேரம் அதிகம் வீணாகும். நம் ஊரில் பெரும்பாலும் கேமராக்கள் 1080பி50 அல்லது 1080ஐ50-ல் ஓடும். லேப்டாப்போ 60 ஹெர்ட்ஸில் தரும். இன்புட்டில் கன்வெர்டர் இல்லாத ஸ்விட்சரில் படமே வராது, நாம் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்போம். ஏடெம் மினி மாதிரியான சின்ன ஸ்விட்சர்கள் ஆட்டோவில் இருந்தால், முதலில் செருகிய சாதனத்தின் ஃபார்மெட்டையே எடுத்துக்கொள்ளும். முதலில் லேப்டாப்பைச் செருகினால் மொத்த செட்டப்பும் 60-க்குப் போய்விடும். இரண்டிலும் ஒரே ஃபார்மெட்டைக் கையால் வைத்துவிடுங்கள். 1080பி50-ஐ எஸ்.டி.ஐ.யில் அனுப்பினால் லெவல் ஏ, லெவல் பி என்ற இரண்டு அனுப்பும் முறைகளில் எது என்பதும் இரு பக்கமும் பொருந்த வேண்டும்.

சத்தம் முந்துவது தனிக் கதை. ஸ்விட்சரோ கன்வெர்டரோ, வழியில் சிக்னலை ஒத்திசைக்கும் இடங்களில் படம் ஏறக்குறைய ஒரு ஃபிரேம் வரை பின்தங்கலாம். 50 ஃபிரேமில் அது 20 மில்லிசெகண்ட், 25 ஃபிரேமில் 40. ஆடியோ மிக்ஸரிலிருந்து நேரே வரும் தவில் அடி, குச்சி தோலில் படுவதற்கு முன்பே கேட்கும். ஆடியோவுக்கு டிலே வைக்கலாம். ஆனால் ஒரு கேமரா நேராகவும் இன்னொன்று சுற்றியும் வந்தால், எந்த டிலேயும் இரண்டுக்கும் பொருந்தாது. கேமராக்களை நேராகக் கொடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் நெட்வொர்க். ஏடெம் ஸ்விட்சர்கள் பலவும் கடையிலிருந்து வரும்போது 192.168.10.240 என்ற ஒரே ஐ.பி. முகவரியுடன்தான் வருகின்றன. இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் போட்டால் ஸ்விட்சரைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டிலேயே ஒன்றின் ஐ.பி.யை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

எல்லாம் அமைத்த பிறகு ஸ்டார்ட்அப் ஸ்டேட்டை, அதாவது ஸ்விட்சர் ஆன் ஆகும்போது எந்த அமைப்பில் எழ வேண்டும் என்பதை, சேமிக்கப் பலரும் மறக்கிறார்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடியில் ஸ்விட்சர் அணைந்து எழுந்தால், ஆக்ஸில் வைத்த தேர்வு பழையபடி மாறியிருக்கலாம். சேமித்தபின் ஒருமுறை வேண்டுமென்றே பவரை எடுத்துப் போட்டு, இரண்டாவது ஸ்விட்சரில் அதே கேமரா திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.